பதினாலாவது படம்

அத்தியாயம் ஆறு

உண்மையை முழுசாகக் கொடுக்கிற துப்பறிவாளர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவரிடம் நான் உதவியாளனாக இருக்கிறேன். இது என் கருத்து இல்லை, எங்கள் ஆபீஸ் வாசலில் தொங்குகிற பலகையின் கருத்து. இரண்டடிக்கு மூன்றடி, சிவப்புப் பெயிண்ட், அவரே எழுதியது: ‘இங்கே உண்மை முழுதாக மட்டும் வழங்கப்படும். சில்லறையாகக் கிடைக்காது.’

தொழிலில் அவருக்குக் கொக்கு என்று பெயர். நீளக் கழுத்து, அசையாத நிற்பு, நேரம் வந்தால் ஒரே கொத்து. நான் நேரில் ‘சார்’ என்பேன். அவர் என்னை ‘ஒட்டடை’ என்பார். மெலிந்து, நீண்டு, எந்த மூலையில் விட்டாலும் ஒட்டிக்கொள்கிறேனாம்.

“முப்பத்தொரு வருஷம்டா ஒட்டடை. அறிக்கையில ஒரு வரி விட்டதில்ல. மத்தவனெல்லாம் அறிக்கையா எழுதறான்? தையல் வேலை பார்க்கறான். கட்சிக்காரருக்கு எங்க இறுக்குதோ அங்க பிரிச்சு விடறது.”

“போன மாசம் ஒரு மாமியார் கேஸ்ல நீங்க முழுசா சொன்னதும் அந்தம்மா மயக்கம் போட்டு விழுந்தாங்க சார்.”

“விழுந்தாங்க. ஆனா உண்மை மேல விழுந்தாங்க.”

இதை அவர் விறைப்பாக உட்கார்ந்து சொன்னார். உட்கார்ந்திருந்த இடம் ஒரு பயிற்சி வகுப்பின் கடைசி பெஞ்சு. வயது ஐம்பத்தெட்டு. முன் பெஞ்சில் இருந்த பொடிசுகள் அவரை யாருடைய அப்பா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

வந்த காரணம் இது. நாற்பது நாளுக்கு முன்னால் ஒரு தெருக்கோடியில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று பகல் பதினொரு மணிக்கு உட்கார்ந்துவிட்டது. பக்கத்து மனையில் வணிக வளாகம் கட்ட ஆழமாகக் குழி தோண்டி, மாசக்கணக்கில் நிலத்தடித் தண்ணீரை இறைத்திருக்கிறார்கள். தண்ணீர் போன இடத்துக்கு மண் இறங்கியது. மண் போன இடத்துக்குக் கட்டடம் இறங்கியது. சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. நைட் டியூட்டி முடித்துவிட்டுத் தரைத்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் அவர்.

அவர் மனைவி பஸ் கண்டக்டர். வேலை உடுப்போடே எங்கள் ஆபீசுக்கு வந்தார். கூடவே அவருடைய நாத்தனார், அதாவது செத்துப்போனவரின் தங்கை, இருபத்துமூன்று வயசு இருக்கும். கண்டக்டரம்மா ஒரு தாளை மேஜையில் போட்டார். இடிவதற்கு இரண்டு மாசம் முன்னால் கட்டடத்தின் கேட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸ். ‘செயற்கைக்கோள் ரேடார் ஆய்வின்படி இக்கட்டடம் அசைவற்ற நிலையில் உள்ளது.’ கீழே வண்ணப்படம், கட்டடம் இருந்த இடம் நல்ல பச்சை. பெயர் இல்லை, கையெழுத்து இல்லை.

“சுவத்துல விரிசல் வந்தது சார். எங்க வீட்டுக்காரர் அதுக்குக் குறுக்க கண்ணாடித் துண்டை வெச்சு சிமெண்ட் பூசினார். சுவர் நகர்ந்தா கண்ணாடி உடையுமாம். ரெண்டு தடவை உடைஞ்சுது. வேற வீடு பார்க்க ஆரம்பிச்சோம். அப்பத்தான் இந்தப் படம் வந்துது. இதைப் பார்த்துட்டுக் கண்ணாடியைப் பேர்த்துப் போட்டுட்டார். எனக்கு ஆறுதல் வேணாம், வெங்காயம் வேணாம். இதைப் போட்ட கை எதுன்னு தெரியணும். எனக்கு அந்தக் கை வேணும்.”

“முழுசா கிடைக்கும்” என்றார் சார்.

நாத்தனார்தான் மெதுவாகச் சொன்னாள், “இந்த மாதிரிப் படம் போட எங்க ஊர்ல ஒரே இடத்துலதான் சொல்லித் தராங்க. நானும் அங்க படிச்சேன். போன பேட்ச்.”

ஆகவே நாங்கள் இந்த பேட்ச். இன்றைக்கு மூன்றாம் நாள். பகலில் வாத்தியார் நடத்துவார். சாயங்காலம் அந்தப் பெண் தன் அண்ணியோடு இப்போது குடியிருக்கும் ஒற்றை அறையில், எங்களுக்குப் புரியாததை மறுபடி நடத்துவாள். அதாவது எல்லாவற்றையும்.

விஷயம் எளிமையானதுதான் என்று வாத்தியார் சொன்னார். எளிமையானதுதான் என்று வாத்தியார்கள் சொல்வது எதற்கு என்று எல்லா மாணவர்களுக்கும் தெரியும்.

“செயற்கைக்கோள் பன்னண்டு நாளைக்கு ஒரு தடவை அதே பாதையில வரும். கீழ ரேடார் அலையை அனுப்பும். திரும்பி வர்ற அலையில ஒரு முள் இருக்குன்னு வெச்சுக்குங்க, கடிகார முள் மாதிரி. அது எங்க நிக்குதுன்னு குறிச்சுக்கும். அடுத்த தடவை முள் வேற இடத்துல நின்னா தரை நகர்ந்திருக்குன்னு அர்த்தம். முள் ஒரு முழுச் சுத்து சுத்தினா தரை மூணு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா நகர்ந்திருக்கு.”

“சம்பந்தியம்மா வர்ற மாதிரி சார்” என்றேன் சாரின் காதில். “வீடு எப்படி இருக்குன்னு பார்க்கறதில்ல. போன தடவைக்கு இந்தத் தடவை எது நகர்ந்திருக்குன்னு மட்டும்தான் பார்ப்பாங்க.”

சார் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று நாளில் அவர் எழுதிக்கொண்டதில் புரிந்தது அது ஒன்றுதான்.

செய்முறையில் அவர் தனிப்பாதை போட்டார். இரண்டு படங்களை இம்மி பிசகாமல் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். பிறகு நிலத்தின் மேடுபள்ளத்தால் வருகிற பங்கைக் கழிக்க வேண்டும். பிறகு இரைச்சலை வடிகட்ட வேண்டும். கடைசியில் வண்ணச் சுற்றுகளை ஒன்றொன்றாகப் பிரித்துச் சென்டிமீட்டராக மாற்ற வேண்டும். சார் மேடுபள்ளத்தைக் கழிக்க மறந்துவிட்டு, ஊருக்கு மேற்கே இருக்கிற குன்று ஒரே வருஷத்தில் பொங்கி எழுந்திருப்பதாகக் கண்டுபிடித்தார். அதை எழுந்து நின்று அறிவிக்கவும் செய்தார். வகுப்பு கைதட்டியது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் வாத்தியார் அன்றைய பாடத்துக்கு வந்தார்.

“கடைசியா ஒண்ணு. நம்ம கணக்குல வர்றது எல்லாமே ஒப்பீடுதான். எது எவ்வளவு இறங்குச்சுன்னு சொல்லணும்னா, எதுவோ ஒண்ணு இறங்கவே இல்லன்னு நீங்க முதல்ல சொல்லணும். அந்த இடத்தைப் படத்துல தொட்டுக் காட்டுங்க. அதுக்குப் பேரு பூஜ்யப்புள்ளி. மத்த இடமெல்லாம் அதுலேர்ந்துதான் அளந்து வரும்.” இங்கே குரல் கொஞ்சம் இறங்கியது. “சொந்த வீட்டை மட்டும் வைக்காதீங்க. கையேட்டுல முப்பத்தொண்ணாம் பக்கம் இருக்கு.”

சார் திருதிருவென்று விழித்தார். நான் அவருடைய திரையை எட்டிப் பார்த்தேன். அவருடைய பூஜ்யப்புள்ளி அவருடைய வீட்டின் மேல் நின்றது. என்னுடையது என்னுடைய வீட்டின் மேல். முன் பெஞ்சுப் பையன் அவசர அவசரமாகத் தன் வீட்டை அழித்துக்கொண்டிருந்தான்.

“டேய் ஒட்டடை, நீ ஏன்டா உன் வீட்டை வெச்சே?”

“வேற எதை சார் எனக்குத் தெரியும்? நீங்க?”

“என் வீடு அசையும்னு நான் நினைக்கவே இல்லையே!” என்றவர் கொத்தப்போகும் கொக்கு மாதிரி ஒரு நிமிஷம் உறைந்தார். “முப்பத்தொண்ணாம் பக்கத்தை எடு.”

எடுத்தேன். கையேடு முழுக்கப் பழைய மங்கல் அச்சு. முப்பத்தொன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி பளிச்சென்று கறுப்பாக இருந்தது: ‘சொந்த வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.’ விரலால் தடவினேன். மேடு தட்டியது. மெல்லிசாக ஒரு காகிதப்பட்டையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். எல்லாக் கையேட்டிலும் அப்படித்தான்.

இடைவேளையில் இரண்டு டீ வந்தது. ஒன்றைச் சார் குடித்தார். இன்னொன்றை, சுடச்சுட, முப்பத்தொன்றாம் பக்கத்தின் மேல் வைத்தேன். பசை இளகுகிற வரைக்கும் எனக்கு டீ இல்லை. துப்பறியும் தொழிலில் இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. பட்டையை உரித்ததும் அடியில் பழைய வரி தெரிந்தது: ‘உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, அசையாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.’

“நல்லா தெரிஞ்ச, அசையாத இடம்” என்றார் சார். “இப்படிச் சொன்னா நூத்துக்கு நூறு பேரும் எதை வைப்பான்?”

“வீட்டை.”

“இத்தனை பேட்சா இந்த வரி இருந்திருக்கு, யாரும் திருத்தல. இப்ப ராவோட ராவா உட்கார்ந்து அத்தனை கையேட்டுலயும் பட்டை ஒட்டறான்னா என்னடா அர்த்தம்?”

“போன பேட்ச்ல எவன் வீட்டையோ வெச்சு என்னமோ ஆகியிருக்கு.”

“போன பேட்ச் வீட்டுப்பாடம் எங்க?”

அது பொதுக் கம்ப்யூட்டரில் இருந்தது. பிற்பகல் வகுப்பில் சார் கையைத் தூக்கி, “அந்தக் குன்று விஷயமா எனக்கு இன்னும் சந்தேகம் தீரல” என்று ஆரம்பித்தார். ஒரு மனிதனை நாற்பது நிமிஷம் கரும்பலகையோடு கட்டிப்போட அது போதும். நான் மூலையில் போய் ஒட்டிக்கொண்டேன்.

பதினாலு பேர், பதினாலு கோப்பு. கோப்பின் மேல் பெயர் கிடையாது, எண் மட்டும். எல்லோருக்கும் ஒரே ஊர், ஒரே வருஷத்து ரேடார் படங்கள், ஒரே கேள்வி. பதில்தான் ஆளுக்கு ஒன்று. ஆளுக்கொரு பூஜ்யப்புள்ளி, எல்லாம் ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒரு வீட்டுக் கூரை. நாலாம் எண்காரன் ஹாஸ்டல்வாசி போலிருக்கிறது, பின்வாசல் டீக்கடையை வைத்திருந்தான். அவன் வாழ்க்கையில் அசையாத ஒரே இடம் அதுவாக இருந்திருக்கலாம்.

பதிமூன்று படங்களில் ஊர் அமைதியாக இருந்தது. ஒரே ஒரு தெருக்கோடியில் மட்டும் சிவப்பு, குத்திவிட்டுக் கத்தியை உருவின மாதிரி. பதிமூன்றிலும் அதே இடம். இடிந்த கட்டடம்.

ஒன்பதாம் எண் படத்தில் அந்த இடம் பச்சையாக இருந்தது. அந்தப் பச்சையைச் சுற்றி மிச்ச ஊர் மொத்தமும் நீலம். எல்லாவற்றையும் அச்செடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, குன்றிலிருந்து சாரை மீட்டு, கழிப்பறைக்குப் போகும் சந்தில் வைத்துக் காட்டினேன்.

“நீலம்னா?”

“எழும்புது சார். வருஷத்துக்கு நாலு சென்டிமீட்டர்.”

“எது எழும்புது?”

“எல்லாம். ரயில்வே ஸ்டேஷன், சுடுகாடு, உங்க வீடு. ஜெயில்கூட எழும்புது, உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாம.”

“எல்லாம் ஒரே அளவா?”

“ஒரே அளவு.”

சார் சிரித்தார். அவர் பல்லை நான் பார்த்தது அந்த வருஷத்தில் அது இரண்டாவது தடவை. “ரயில்ல உட்கார்ந்திருக்கியா? பக்கத்து ரயில் பின்னால போற மாதிரி இருக்கும்.”

“ஆனா போறது நம்ம ரயில்.”

“ஊர் எழும்பலடா. பூஜ்யம்னு எவன் நின்னானோ அவன் இறங்கிட்டிருக்கான். இறங்கற இடத்துலயே பூஜ்யப்புள்ளியை வெச்சா அந்த இடம் எப்பவும் பூஜ்யம்தான், பச்சைதான். அதான் நோட்டீஸ்ல நடுத்துண்டை மட்டும் வெட்டிப் போட்டிருக்கான். சுத்தி ஊரே பறக்கறதைக் காட்டினா ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குக்கூடச் சந்தேகம் வருமே.”

வகுப்பு கலைந்ததும் வாத்தியாரைப் பிடித்தோம். கரும்பலகையில் சாரின் குன்றை அழித்துக்கொண்டிருந்தார். சார் தான் யார், கண்டக்டரம்மா என்ன கேட்டு வந்தார் என்று சொல்லிவிட்டு, பதிமூன்று படங்களை மேஜையில் வரிசையாக அடுக்கினார். கொஞ்சம் தள்ளி, தனியாக, பதினாலாவதாக அந்த ஒன்பதாம் எண்ணை வைத்தார்.

“பதிமூணு சாட்சி கட்டடம் இறங்குதுங்கறான். ஒருத்தன் இல்லங்கறான். நோட்டீசுக்கு இவனை ஏன் எடுத்தீங்க?”

வாத்தியார் அழித்து முடித்தார். டஸ்டரைத் தட்டினார். “மச்சான் கேட்டார்.”

“எந்த மச்சான்?”

“என் வீட்டுக்காரியோட அண்ணன். கட்டடமும் அவரோடது, பக்கத்துல தோண்டற மனையும் அவரோடது. குடியிருக்கறவங்க பயந்து காலி பண்ணிட்டுக் கோர்ட்டுக்குப் போனா தோண்டற வேலை நின்னுடும், உன்கிட்ட படம் கிடம் இருந்தா ஒண்ணு குடுன்னார்.”

“முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“உனக்குக் கல்யாணம் ஆகலைல்ல தம்பி?”

பேச்சுக்குப் பேச்சு அவர் வழுக்கிக்கொண்டே போனார். “நான் பொய்ப் படம் எதுவும் போடல. இதுவும் ஒழுங்கா செஞ்ச படம்தான். பூஜ்யப்புள்ளி எங்கங்கற வரியை மட்டும் நோட்டீஸ்ல விட்டுட்டேன். ஒரே ஒரு வரி.”

“அந்த வரிக்குக் கீழ ஒரு ஆள் தூங்கிட்டிருந்தான்யா.” சாரின் கழுத்து இன்னும் ஒரு அங்குலம் நீண்டது. “உனக்குப் பேரு வாத்தியார் இல்ல, சில்லறை வியாபாரி. பதினாலு இருக்கு. வசதியானதை வெளியில வெச்சே, வசதியில்லாததைப் பைக்குள்ள வெச்சே. இதைவிட நேரா ஒரு கத்தியை எடுத்துக் குத்தியிருந்தா உன்மேல கொஞ்சம் மரியாதையாவது வந்திருக்கும்.”

வாத்தியார் முகம் செத்தது. ஆனால் வாய் சாகவில்லை.

“அந்தம்மா என்ன கேட்டாங்க? போட்ட கை எதுன்னுதானே? கை என்னோடது இல்லையே.” இழுப்பறையைத் திறந்து போன பேட்ச் வருகைப் பதிவேட்டை எடுத்து, ஒன்பதாம் எண்ணில் விரலை வைத்து, எங்கள் பக்கம் திருப்பினார். “முழுசா சொல்றவராமே நீங்க. சொல்லுங்க.”

பெயருக்கு எதிரே முகவரி இருந்தது. இடிந்த கட்டடம், தரைத்தளம்.

மூன்று நாளாகச் சாயங்காலம் எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவள்.

பஸ்ஸில் சார் அந்தப் பதினாலாவது படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் நகைச்சுவையாக ஒன்று சொல்லப் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜையில் பழைய லேப்டாப். கண்டக்டரம்மா டியூட்டி முடிந்து வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்தாள். சார் உட்காராமலே பதினாலாவது படத்தை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

“எப்பத் தெரியும்?” என்றார் சார்.

“இடிஞ்ச அஞ்சாம் நாள். பூஜ்யப்புள்ளியை ரயில்வே ஸ்டேஷனுக்கு மாத்தி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். வீடு சிவப்பா வந்துது.”

“கேட்டுல ஒட்டினது உன் படம்னு?”

“ஒட்டின அன்னிக்கே தெரியும். பதினாலு பேர்ல வாத்தியார் சார் என்னுதை எடுத்திருக்காரேன்னு...” நிறுத்தினாள். “பெருமையா இருந்துது. அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன். யாருக்கும் சொல்லாதே, சார் கோச்சுப்பார்னு. அதுவரைக்கும் அவன் நோட்டீசை நம்பல. எவனோ போட்டது, கண்ணாடிதான் கரெக்டுன்னு சொல்லிட்டிருந்தான். நான்தான் போட்டேன்னதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு வந்து கண்ணாடியைப் பேர்த்தான். ‘என் தங்கச்சி சொன்னா வானமே சொன்ன மாதிரி’ன்னான்.”

அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

“நீ ஏன் எங்களை அந்த வகுப்புக்கு அனுப்பினே?” என்றேன்.

“அண்ணியை உங்க ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்ததே நான்தான். பலகையைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்.” சாரைப் பார்த்தாள். “நாற்பது நாளா அண்ணி பக்கத்துலதான் படுத்துக்கறேன். தினமும் சொல்லணும்னு நினைப்பேன். வாய் வரல. நீங்க ஒரு வரி விடாம சொல்வீங்கன்னு போட்டிருந்துது. சொல்லிடுங்க சார். நான் எங்க வெச்சேன், ஏன் வெச்சேன், எல்லாம். அதுக்கப்புறம் அண்ணி அடிச்சாலும் சரி, துரத்தினாலும் சரி.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

சார் பதினாலாவது படத்தை நாலாக மடித்தார். தோல்பைக்குள் வைத்தார். கொக்கியை மாட்டினார். முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் பை அப்படி ஒரு தாளை வாங்கியதில்லை.

“சார்?” என்றாள் அவள்.

“நீ சும்மா இரும்மா” என்றார், எனக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில். இரக்கம் என்றுதான் நான் நினைத்தேன். முதல் ஐந்து நிமிஷத்துக்கு அது இரக்கமாகத்தான் இருந்தது.

கண்டக்டரம்மா தோள்பையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார். “கை கிடைச்சுதா?”

சார் அச்சடித்த அறிக்கைப் படிவத்தில் எழுதிக்கொண்டே சொன்னார். வாத்தியார், மச்சான், தோண்டின மனை, வெட்டி ஒட்டின நோட்டீஸ். நன்றாகவே சொன்னார். பதிமூன்று படங்களையும் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றிலும் அந்தச் சிவப்பைத் தொட்டுக் காட்டினார். “பதிமூணு பேருக்குத் தெரிஞ்சது வாத்தியாருக்கும் தெரியும்மா. தெரிஞ்சே பச்சைப்படம் ஒண்ணைத் தயார் பண்ணி ஒட்டிட்டான். அவன் கைதான்.”

கண்டக்டரம்மா சிவப்பு ஒவ்வொன்றையும் விரலால் தொட்டார். டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கட்டைவிரலில் காய்ப்பு ஏறியிருந்தது.

“இவ பேட்ச்ல பதினாலு பேருன்னாளே.”

“ஒருத்தர் வீட்டுப்பாடம் செய்யல” என்றார் சார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பழக்கமே இல்லாதவர், ஆனால் சுத்தமாகச் சொன்னார்.

“அந்தச் சோம்பேறி நல்லா இருக்கட்டும்.” கண்டக்டரம்மா நாத்தனார் பக்கம் திரும்பினார். முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு கனிவு தெரிந்தது. “நீதான் பாவம் அன்னிக்கு ஞாயித்துக்கிழமை பூரா சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்து செஞ்சே. உங்கண்ணன் விசிறிவிட்டுட்டு உட்கார்ந்திருந்தாரே, கரண்ட்டு இல்லாம. இதுல உன்னுது எதுடி?”

அந்தப் பெண் சாரைப் பார்த்தாள். சார் தன்னுடைய பையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன், தரையும் எங்கேயாவது இறங்கினால் தேவலை போலிருந்தது.

“சொல்லேன்.”

அவள் கை நீண்டது. எந்தப் படம் என்று தேடக்கூட இல்லை. முதலில் கைக்கு எட்டியதைத் தொட்டாள். நாலாம் எண், டீக்கடைக்காரனுடையது.

கண்டக்டரம்மா அந்தத் தாளை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பதிமூன்றிலும் அதில்தான் சிவப்பு கெட்டியாக இருந்தது.

“இது நம்ம வீடு.”

அந்தப் பெண் மிச்சத் தாள்களைச் சேர்த்து அடுக்க ஆரம்பித்தாள்.

“நம்ம வீடு சிவப்பா இருக்கு. நீ போட்டதுலயே.”

“அண்ணி...”

“அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்.” குரல் உயரவே இல்லை. பஸ்ஸில் கடைசி ஸ்டாப்பில் இறக்கிவிடுகிற குரல். “வீடு இறங்குதுன்னு நீ பார்த்திருக்கே. பார்த்துட்டு அதே வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கே. அவர் கண்ணாடியைப் பேர்க்கறப்போ பக்கத்துல நின்னிருக்கே. வாயைத் திறக்கல. ஏன்? வாத்தியாருக்குப் பயமா? சர்ட்டிபிகேட் வராதுன்னா?”

தெரியாமல் செய்த பிழையை மறைக்கப்போய், தெரிந்தே செய்த கொலையை அவள் கையில் கொடுத்துவிட்டோம். பையின் கொக்கியைத் திறந்தால் போதும். நாலாக மடித்த ஒரு தாள். அதைப் பிரித்தால் அவள் தன் வீட்டை நம்பின முட்டாள், அவ்வளவுதான். அண்ணனைச் சாகவிட்ட பாவி இல்லை. சார் கை கொக்கியின் மேல்தான் இருந்தது. திறக்கச் சொல்லி நான் அவர் முழங்கையைத் தட்டினேன். ஆனால் திறந்தால், ‘ஒருத்தர் செய்யல’ என்று சொன்ன வாயை என்ன செய்வது? வாசல் பலகையை என்ன செய்வது?

கொக்கி திறக்கவில்லை. என் வாயும்தான்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பஸ் வராது என்று தெரிந்த பிறகும் ஸ்டாப்பில் நிற்பார்களே, அந்த மாதிரி. பிறகு சொன்னாள், “ஆமா அண்ணி. பார்த்தேன். சொல்லல.”

கண்டக்டரம்மா அடிக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து அவளுடைய பெட்டியை இழுத்து, லேப்டாப்பை அதன் மேல் வைத்து, இரண்டையும் கதவுக்கு வெளியே நகர்த்தினார். “இனிமே என்னை அண்ணின்னு கூப்பிடாதே. அந்த உறவு அவரோட போச்சு.”

அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். சாரைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்றாள். ஏதாவது திட்டுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். “நான் உங்க பலகையை நம்பினேன் சார்” என்று மட்டும் சொன்னாள். படியில் பெட்டி இடிக்கிற சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

கண்டக்டரம்மா முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, அறிக்கையைக் கேட்டுக் கையை நீட்டினார். “எல்லாம் இதுல இருக்கா சார்?”

சார் பேனாவைத் திறந்தார். கடைசிப் பக்கத்தில், ‘இணைப்பு: படங்கள்’ என்று அச்சடித்திருந்த இடத்தில், நிதானமான கையெழுத்தில் 13 என்று எழுதினார். எழுத்தாலும் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினார்.

“இருக்கும்மா” என்றார்.